காட்டு வேலைக்குப் பெரிய வெட்டுக்கத்தி: அரிவாளா, குக்குரியா, கம்பெனிக் கத்தியா?

தோப்புக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பழனி மலையடிவாரத்தில் 4 ஏக்கர் தென்னந்தோப்பு. கோடாலி இருக்கிறது, வீட்டு அரிவாளும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், ஒரு கையில் பிடித்து நாள் முழுக்க வெட்டுகிற மாதிரி, மடக்காத பெரிய கத்தி ஒன்று வேண்டும்.

வேலை: வேலியோரத்துச் சீமைக் கருவேலம் (மணிக்கட்டுப் பருமன், 5–6 செ.மீ. வரை), முற்றின மூங்கில், காய்ந்த மட்டை, பாளை. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை மலையில் கூடாரம் போட்டுத் தங்குவோம். அங்கே அடுப்புக்குச் சிறாய் சீவவும் அதுவே உதவினால் நல்லது.

கையில் 6,000 – 7,000 ரூபாய். பார்த்து வைத்தவை நான்கு: ஈஸீ ஜங்லாஸ் அல்லது கே-பார் பெக்கர் பி.கே.9 (இரண்டும் அமெரிக்கக் கம்பெனிக் கத்திகள்; வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்தால் பட்ஜெட் தாண்டும், தெரியும்), நேபாளக் குக்குரி, ஆன்லைனில் 'சர்வைவல்' என்று விற்கிற 6 மி.மீ. டி2 எஃகுக் கத்தி, கடைசியாக ஊர்ப் பட்டறையில் சொல்லி அடிப்பது. தடிமன் கூடினால் உறுதியும் கூடும் என்ற கணக்கில் 6 மி.மீ. பக்கம் மனசு போகிறது. சரிதானா?

கொல்லுப்பட்டறை

தடிமனைப் பார்த்து வாங்குவதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். மரத்துக்குள் முதலில் இறங்குவது வாய் (கூரான ஓரம்), முதுகு இல்லை. முதுகு 6 மி.மீ. என்று எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். வாயிலிருந்து 1 செ.மீ. மேலே எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள்.

ஒரு கணக்கு. 5 செ.மீ. அகல அலகு, முதுகு 5 மி.மீ., தீட்டுவதற்கு முன் வாய் ஓரத்தில் முக்கால் மி.மீ. விட்டு, முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவாக இழைத்தது என்றால் 1 செ.மீ. மேலே சுமார் 1.6 மி.மீ. வரும். அதே அகலத்தில் முதுகு 6 மி.மீ., ஆனால் கீழே 2 செ.மீ. உயரத்துக்கு மட்டும் சரிவு வைத்திருந்தால் அதே இடத்தில் 3.4 மி.மீ. இருமடங்கு. இரண்டாவது கத்தி கருவேலத்தில் ஒரு செ.மீ. இறங்கியதும் ஆப்பு மாதிரி நின்றுவிடும். அடுத்த வெட்டுக்கு அதைப் பிடுங்கவே பாதி தெம்பு போகும். ஆன்லைன் 'சர்வைவல்' கத்திகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். போட்டோவில் சரிவுக்கோடு அலகின் பாதிக்குக் கீழே நின்றால் அடுத்ததைப் பாருங்கள்.

எடை மொத்தம் 550 – 650 கிராமுக்குள் இருக்கட்டும். 450-க்குக் கீழே போனால் கத்தி வெட்டாது, தோள்தான் வெட்டும். 750 தாண்டினால் அரை மணியில் மணிக்கட்டு தளர்ந்து குறி தவறும். குறி தவறின வெட்டு முழங்காலுக்குத்தான் வரும். எடை எங்கே நிற்கிறது என்பதும் சேர்த்தி. கத்தியை ஒரு விரல் மேல் படுக்க வையுங்கள். பிடி முடிந்த இடத்திலிருந்து 5–7 செ.மீ. முன்னால் சமன் நிற்க வேண்டும். பிடியிலேயே சமன் நின்றால் அது சமையலுக்கோ குத்துவதற்கோ சரி, வெட்டுக்கு உதவாது.

அலகு நீளம் 10 இன்ச் போதும். 9-க்குக் கீழே வீச்சு கிடைக்காது. 12-க்கு மேலே போனால் புதருக்குள் கொடியிலும் கிளையிலும் மாட்டும்.

உலோகக்கிறுக்கன்

டி2 பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அது அச்சு எஃகு, தகடு வெட்டும் அச்சுகளுக்கென்று வந்தது. கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். உள்ளே பெரிய பெரிய கார்பைடு மணிகள் இருப்பதால் தேயாது, கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் அடி தாங்காது. கருவேலக் கணுவில் சாய்வாகப் பட்டால் வாய் தெறித்துப் பொக்கை விழும். 3 மி.மீ. பொக்கையை டி2-வில் தேய்த்து எடுப்பதற்குள் தீட்டுக்கல் பாதி தேய்ந்துவிடும். கையடக்கக் கத்திக்கு நல்ல எஃகு, வெட்டுக்கத்திக்கு வேண்டாம்.

வெட்டுக்கு 0.5 முதல் 0.75 சதவீதக் கார்பன் வரைதான் பாதுகாப்பான இடம். 5160 (கார்பன் 0.6 அளவு, கூட முக்கால் சதவீதம் போலக் குரோமியம்), நம் ஊர் இஎன்45 (கார்பன் 0.5 – 0.6, சிலிக்கான் 1.5 – 2), 1075. முதல் இரண்டும் வண்டி ஸ்பிரிங் பட்டை எஃகுதான். நீங்கள் சொன்ன ஜங்லாஸ் 1095 எஃகு, பெக்கர் 1095-ல் கொஞ்சம் குரோமியமும் வனேடியமும் சேர்த்தது. 1095-ல் கார்பன் 0.95 போல இருக்கும். அதையும் வெட்டுக்கு வைக்கலாம், ஆனால் பதம் (காய்ச்சிக் குளிர்வித்துக் கடினம் ஏற்றுவது) துல்லியமாக விழ வேண்டும். அந்தக் கம்பெனிகள் கடினத்தை ராக்வெல் சி 55–58-க்குள் நிறுத்திக்கொள்வது அதனால்தான். மேலே கறுப்புப் பூச்சு அடிப்பதும் அழகுக்கு இல்லை, 1095 வியர்வை பட்டாலே துருப்பிடிக்கும்.

'டமாஸ்கஸ்' என்று அலை அலையாகக் கோலம் போட்டு 3,000-க்கு வருவதையும், முதுகில் ரம்பப் பல் வெட்டினதையும், பிடிக்குள் தூண்டில் முள் ஒளித்து வைத்ததையும் தொடவே வேண்டாம். ரம்பப் பல்லின் ஒவ்வொரு அடிமூலையும் வெடிப்பு தொடங்குவதற்கான இடம். குழாய்ப் பிடியில் அலகை ஒரு திருகாணி மட்டுமே தாங்கும். பத்து வெட்டில் அலகு தனியாகப் பறக்கும்.

வடமலை

பட்ஜெட்டுக்குள் நல்ல பதத்தோடு கிடைப்பது குக்குரி. ஏன் என்றால் அதன் வளைவே வெட்டுக்குச் செய்தது. அலகு முன்னோக்கிக் குனிந்திருப்பதால் மணிக்கட்டை மடக்காமலே வாய் சரியான கோணத்தில் மரத்தைத் தொடும். எடை வயிற்றுப் பகுதியில் சேர்ந்திருக்கும். 10 இன்ச் குக்குரி பெரும்பாலும் கொல்லுப்பட்டறை அண்ணன் சொன்ன எடைக்குள்ளேயே வரும்.

வாங்கும்போது 'அங் கோலா' வகை கேளுங்கள். அலகின் பக்கவாட்டில் குழிவாக இழைத்திருப்பார்கள், மரத்தில் சிக்காது. 'சிருபாத்தே' ஒல்லி, கொடிக்கும் பச்சைக்கிளைக்கும் சரி, கருவேலத்துக்குப் போதாது. சிங்கத்தலைப் பித்தளைப் பிடியும் கண்ணாடி மாதிரி பளபளப்பும் இருந்தால் அது சுற்றுலாக்காரர்களுக்குச் செய்தது, ஷோகேஸ் பண்டம்.

காம்பில்தான் (பிடிக்குள் போகிற அலகின் வால்) நிறையப் பேர் கோட்டை விடுவது. பழைய முறையில் ஒல்லிக் காம்பைச் சூடாக்கி, அரக்குப் பசை வைத்துப் பிடிக்குள் இறக்குவார்கள். வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் அரக்கு இளகிப் பிடி ஆடும். 'பானாவல்' என்று கேட்டால் காம்பு பிடியின் முழு அகலத்துக்கு வந்து ஆணி அடித்திருக்கும். நம் வெயிலுக்கு அதுதான்.

உறை பற்றி ஓர் எச்சரிக்கை. குக்குரியை உருவும்போது உள்ளே கத்தியின் கூர் இருக்கிற பக்கமாக உறையை விரலால் சுற்றிப் பிடிக்கவே கூடாது. மரப்பட்டை இரண்டையும் சேர்த்து மேலே தோல் போட்டதுதான் உறை, கத்தியின் வாய் அந்த இணைப்பைப் பிளந்துகொண்டு விரலுக்கு வரும். உறையை முதுகுப்பக்கமாகப் பிடித்து, முதுகு உறையில் உரசியபடி உருவ வேண்டும்.

வன்னிக்காடு

எல்லாரும் தடிச்ச கத்தியைப் பற்றியே கதைக்கிறீங்கள். எங்கட பக்கம் காட்டுக்கத்தி 3 மி.மீ. தாண்டாது, நீளம் கூட. கொடி, புல்லு, விரல் பருமன் தடி எல்லாத்துக்கும் அதுதான். மூங்கிலுக்கும் மெல்லிய வாய்தான் நல்லது. தடிச்ச வாய் மூங்கிலை வெட்டாமல் நசுக்கும், பிறகு நெடுகப் பிளந்துகொண்டு போகும். மூங்கில் தோலில மணற்சத்து இருக்கு, எந்த எஃகு எண்டாலும் கெதியாய் மழுங்கும். அதால மூங்கில் வெட்டுற நாளில அரமோ கல்லோ இடுப்பில இருக்க வேணும். மற்றது, மூங்கிலை நேர் குறுக்கா வெட்டாதேங்கோ, 45 பாகை சரிவா, கணுவுக்கு மேல போடுங்கோ.

முள்ளு மரத்துக்கு இன்னொண்டு. அரிவாளின்ர கொக்கி மூக்கு சும்மா வச்சதில்லை. முள்ளுக்கிளையைக் கை வைக்காமல் இழுத்து எடுக்கலாம், தரையில பட்டாலும் கல்லில முதல் முட்டுறது மூக்கு, வாய் தப்பும். கம்பெனிக் கத்தி ஒண்டிலயும் இது இல்லை. உங்கட வேலையில பாதி முள்ளெண்டால் நேர்க்கத்தி வாங்கிப் பிறகு கவலைப்படுவீங்கள்.

தோப்புக்காரன்

நன்றி. டி2-வைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். கொக்கி பற்றிச் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது, இப்போது பட்டறைப் பக்கம் சாய்கிறேன். ஆனால் ஆசாரியிடம் போய் "நல்லா அடிச்சுக் குடுங்க" என்று மட்டும் சொன்னால் வழக்கமான அரிவாள்தான் வரும். என்ன அளவு, என்ன பதம் என்று எழுதிக் கொடுக்கலாமா? சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்திக்கே போய்விடலாமா என்றும் யோசனை.

கொல்லுப்பட்டறை

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர்தான். ஆனால் ஊர்ப் பெயருக்காகப் போகாதீர்கள். கேட்டதைக் கேட்ட அளவில் அடிக்கிற, வாய் மழுங்கினால் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க முடிகிற தூரத்தில் இருக்கிற ஆசாரிதான் உங்களுக்கு நல்ல ஆசாரி. காகிதத்தில் படமாகவே வரைந்து, அதைவிட நல்லது அட்டையில் வெட்டி, கையில் கொடுங்கள்.

அளவு: அலகு 10 முதல் 10½ இன்ச். முனையிலிருந்து 7 செ.மீ. தள்ளி அகலம் 5½ செ.மீ., பிடிப்பக்கம் 4 செ.மீ. முதுகு பிடிப்பக்கம் 5 மி.மீ., முனைப்பக்கம் 4. இந்த மெலிவைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரே தடிமனில் விட்டால் மூக்கு கனத்துக் கை வலிக்கும். கொக்கி சின்னதாக, 2 செ.மீ. இறங்கினால் போதும். ஊர் அரிவாளில் வருகிற பெரிய வளைவு வைத்தால் சிறாய் சீவ முடியாது.

எஃகு: பழைய லாரிப் பட்டை வேண்டாம் என்றே சொல்வேன். வருஷக்கணக்கில் ஆடின பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு இருக்கும், நடு ஆணி ஓட்டையைச் சுற்றி நிச்சயம் இருக்கும். ஸ்பிரிங் பட்டை செய்கிற, மாற்றுகிற கடைகளில் புது எஃகுத் துண்டு கிடைக்கும். 6 – 8 மி.மீ. ஜீப் அளவு வாங்கிக் கொடுத்தால் அடிப்பதும் சுலபம். 12 மி.மீ. லாரிப் பட்டையை 5-க்கு இறக்க அவர் பத்து தடவை காய்ச்ச வேண்டும், ஒவ்வொரு காய்ச்சலிலும் வாயில் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக எரியும்.

அடிக்கும்போது ஆரஞ்சு நிறம் தாண்டக் கூடாது. மத்தாப்பு மாதிரி பொறி பறக்கிற அளவு வெளுக்கக் காய்ச்சினால் அந்த இடம் கருகிப்போனது, பிறகு எந்தத் தோய்ச்சலும் (காய்ச்சின அலகைச் சட்டென்று குளிர்விப்பது) அதைக் காப்பாற்றாது. உடைந்த அரிவாளின் முறிவில் சர்க்கரை மாதிரி மணிமணியாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

தோய்ச்சல்: காந்தம் ஒட்டாமல் போகிற சூடு 770 டிகிரி செல்சியஸ் போல. அதற்கு மேல் ஒரு சாயல் ஏற்றி, 830 பக்கம், எண்ணெயில் இறக்கணும். எண்ணெய் குளிர்ந்திருக்கக் கூடாது, கை பொறுக்கிற வெதுவெதுப்பில் இருக்கட்டும். முழு அலகையும் தண்ணீரில் முக்கினால் 5160-ம் இஎன்45-ம் வெடிக்கும். டிங்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வடமலை

இதில் மட்டும் ஒரு திருத்தம். தண்ணீர் கூடாது என்பது முழு அலகுக்கு. நேபாளத்தில் அதே ஸ்பிரிங் எஃகை வைத்துக்கொண்டு, கெண்டியிலிருந்து வாய் ஓரத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றித்தான் பதம் போடுகிறார்கள். முதுகு சூடாகவே இருப்பதால் உடனே அந்தச் சூடு வாய்க்கு ஓடி வந்து பதத்தை இளக்கிவிடும், அதாவது தெறிக்கிற விறைப்பைக் கொஞ்சம் குறைத்துவிடும். வாய் கடினம், முதுகு மெது. உங்கள் ஆசாரிக்கு வாய் மட்டும் தோய்க்கிற பழக்கம் இருந்தால் அவரை எண்ணெய்க்கு மாற்றப் போராடாதீர்கள். கை பழகின முறையில் வருகிற பதம், புதிதாகக் கற்றுக்கொண்ட முறையில் வராது.

கொல்லுப்பட்டறை

ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தோய்ச்சல் என்றால் தண்ணீர் சரி. எண்ணெயோ தண்ணீரோ, அதற்குப் பிறகு நிறம் பார்த்து இளக்குகிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தோய்த்தவுடன் அலகில் ஒரு இடத்தைக் கல்லால் தேய்த்து வெளுப்பாக்கினால் சூடு ஏற ஏற நிறம் ஓடும்: இளமஞ்சள், பொன் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். வெட்டுக்கத்தி வாய்க்குப் பொன் மஞ்சள் முடிந்து பழுப்பு தொடங்குகிற இடம், அதாவது 230 – 250 டிகிரி. அதில் நிறுத்தினால் ராக்வெல் 56 பக்கம் நிற்கும். முதுகு நீலம் போனால் நல்லதே. வாய் நீலம் ஏறினால் வெட்டும்போது மடங்கும். நிறமே பார்க்காமல் தோய்த்ததோடு விட்டால் கண்ணாடி மாதிரி தெறிக்கும்.

காம்பு முழு அகலம் போடச் சொல்லுங்கள், 3 ஆணி. ஊர் வழக்கப்படி ஒல்லிக் காம்பும் பூணும்தான் என்று அவர் நின்றால் பரவாயில்லை, ஆனால் அலகும் காம்பும் சேர்கிற மூலை 90 டிகிரி கூராக இருக்கக் கூடாது. வட்ட அரத்தால் வளைவு கொடுத்திருக்கணும். காம்பு ஒடிகிற கத்தியெல்லாம் அந்த மூலையில்தான் ஒடிகிறது. பிடிக்கு வாகையோ தேக்கோ, நன்றாகக் காய்ந்தது. பச்சை மரத்தில் போட்டால் இரண்டு மாதத்தில் சுருங்கி ஆணி ஆடும். உருளையாக வேண்டாம், முட்டை வடிவில். இருட்டிலும் வாய் எந்தப்பக்கம் என்று கைக்குத் தெரியணும். அடிப்பக்கம் சுண்டுவிரலுக்குக் கொக்கி மாதிரி ஒரு புடைப்பு. வார்னிஷ் அடிக்க விடாதீர்கள், வியர்வையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் மூன்று கை தடவினால் போதும்.

உலோகக்கிறுக்கன்

வாங்கி வந்த அன்றே சோதனை செய்யுங்கள், பணம் முழுக்கக் கொடுப்பதற்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது.

முதலில் முதுகை ஒரு கண்ணால் நெடுகப் பாருங்கள், கோணல் இருக்கிறதா என்று. பிறகு புது அரத்தை வாயில் லேசாக ஓட்டுங்கள். வெண்ணெய் மாதிரி பிடித்தால் பதமே இல்லை. துளியும் பிடிக்காமல் கண்ணாடியில் போவது போல வழுக்கினால் இளக்கவில்லை. தயங்கித் தயங்கிப் பிடிக்கணும். இதை அலகின் மூன்று இடத்தில் செய்யுங்கள். பிடியை ஒட்டிய 3 செ.மீ. மெதுவாக இருப்பது சகஜம், வெட்டு விழுகிற நடுவும் முன்னும்தான் கணக்கு.

அடுத்து காய்ந்த கருவேலக் கணுவில் இருபது முப்பது வெட்டு. வாயைக் கண்ணுக்கு நேரே, விளக்கைப் பார்த்துப் பிடியுங்கள். நல்ல வாய் கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளிக்கோடு மின்னினால் அங்கே மடங்கியிருக்கிறது. அரை மி.மீ. மடிப்பு என்றால் கோணம் மெல்லியது, கொஞ்சம் கூட்டித் தீட்டினால் சரியாகலாம். மறுபடியும் மடங்கினால் பதம் போதாது. பொக்கை என்றால் ஒருமுறை 1 மி.மீ. தேய்த்துவிட்டுத் திரும்ப வெட்டிப் பாருங்கள். சாணைக்காரர் ஓரத்தை மட்டும் கெடுத்திருந்தால் அதோடு நிற்கும், தொடர்ந்து விழுந்தால் ஆசாரியிடமே திரும்பட்டும்.

மலைப்பாதை

கூடாரம் என்று சொன்னதால் இது. ஆயுத விதிகளில் 9 இன்ச்சுக்கு மேல் நீளமோ 2 இன்ச்சுக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வரும். குக்குரியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென்று செய்தவை விலக்கு. தோப்பில் அரிவாள் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. அதையே பைக்கில் மாட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போனால் செக்போஸ்டில் விவசாயம் என்று விளக்கிக்கொண்டு நிற்கணும்.

சரணாலயத்துக்குள் நிலைமை வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் ஆயுதம் என்பதற்குள் கத்தியும் அடக்கம், எழுத்து மூல அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் கொண்டு போகக் கூடாது. பழனி மலையில் கணிசமான பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. காட்டில் விறகு வெட்டுவது தனிக் குற்றம். தனியார் எஸ்டேட்டில் தங்கினாலும் விறகை விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், வெட்டுக்கத்தி தோப்பிலேயே இருக்கட்டும்.

தோப்புக்காரன்

இது தெரியாமல் இருந்தேன், நல்லவேளை. அப்போது கூடாரக் கணக்கை விட்டுவிடுகிறேன், தோப்புக்கு மட்டும் அடிக்கச் சொல்லிவிடலாம். கடைசியாக ஒன்று: என்ன கோணத்தில் தீட்டணும்? ஊரில் சாணைக்காரர் கையில் கொடுத்தால் போதுமா?

கொல்லுப்பட்டறை

மின்சாணையில் கொடுக்காதீர்கள், குறைந்தது முதல் வருஷம். காய்ந்த கல்லில் நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் வாய் நீலமாகிவிடும். அப்புறம் ஆசாரி போட்ட பதம் அந்த ஓரத்தில் இல்லை, 2 மி.மீ. தேய்ந்து போகும் வரை அது மடங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கோணம் ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி. அளக்கத் தெரியாவிட்டால் இப்படி: 5 செ.மீ. அகல அலகைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை 17 மி.மீ. தூக்கினால் அதுவே 20 டிகிரி. கருவேலம் மட்டுமே வெட்டுகிற நாட்களில் வாய் மடங்கினால் முதுகை 21 மி.மீ. தூக்கி, அதாவது 25 டிகிரியில், வாயின் நுனியை மட்டும் நான்கைந்து இழுப்பு இழுங்கள். போதும்.

அதைவிடச் சுலபம் எமரித்தாள். சைக்கிள் டியூபை வெட்டிப் பலகையில் ஆணியடித்து, அதன் மேல் 220, பிறகு 400, பிறகு 800 தாளைப் போட்டு, வாயைப் பின்னுக்கு இழுத்துத் தேய்க்கணும், முன்னுக்குத் தள்ளினால் தாள் கிழியும். ரப்பர் அமுங்குவதால் வாய் தானாகவே லேசான வயிறு விழுந்து வரும். வெட்டுக்கத்திக்கு அந்த உருண்டை வாய்தான் தட்டை வாயைவிட நெடுநாள் நிற்கும், மரத்திலும் சிக்காது.

வன்னிக்காடு

தீட்டி முடிச்சதும் தேங்காயெண்ணெய் தடவித் தோலுறைக்குள்ள போட்டு மாதக்கணக்கில வைக்காதேங்கோ. தோல் ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், மழைக்காலத்தில எடுத்துப் பார்த்தால் வாய் முழுக்கத் துரு. வேலைக்குப் போறபோது மட்டும் உறை, வீட்டில பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில ஆணியில தொங்கட்டும்.